தாங்குகிற பற்கள்

என் மேசைக்கு ஆள் வருவதில்லை. அவருடைய வாயின் அச்சு மட்டும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வரும், கூடவே ஒரு சீட்டு. '45-46-47, மெட்டல் செராமிக், ஏ3, ட்ரயல் வெள்ளி' என்று டாக்டர் எழுதியிருப்பார். பல் மருத்துவத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு. 46 என்றால் கீழ்த்தாடையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதில் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல் பின்னால் தனியாக வருவதால், பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். சொத்தை விழுந்து முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான். சேலத்தில் பல் லேப் வைத்திருக்கிற நான் இதுவரை செய்த பிரிட்ஜ்களில் மிகுதியும் அந்த ஒரு பல்லுக்காகச் செய்தவை.

பிரிட்ஜ் வைப்பதை ஊரில் பல் கட்டுவது என்பார்கள். போன பல்லுக்கு இரு பக்கமும் நிற்கிற பற்களை டாக்டர் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்குவார். இரண்டு உறைகளும் நடுவே ஒரு பொய்ப்பல்லுமாக மூன்றையும் ஒரே துண்டாக வார்த்து நான் அனுப்புவேன். அவர் அதை மாட்டிச் சிமென்ட் வைத்து ஒட்டுவார். நடுப்பல்லுக்கு வேர் கிடையாது. அது மெல்லுகிற சுமை முழுவதும் அந்த இரண்டு பற்களின் வேரில் இறங்கும். கட்டிக்கொள்கிறவர் கண்ணாடியில் பார்ப்பது புதுப்பல்லை. நான் இந்தத் தொழிலில் கவலைப்பட்டதெல்லாம் தாங்கி நிற்கிற இரண்டைப் பற்றித்தான்.

அச்சில் ஸ்டோன் என்கிற மாவைக் கலந்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் மாடல் கையில் இருக்கும். அதில் படிக்க நிறைய உண்டு. பல் பிடுங்கிப் பல வருடம் கழித்து வந்தவர் என்றால் 47 காலி இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். மேலே 16, கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கியிருக்கும். ஒரே பக்கமாக மெல்லுகிறவரா, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவரா என்பது தேய்மானத்தில் தெரிந்துவிடும். சாய்ந்த பல்லைச் சாய்ந்தபடியே செதுக்கியிருந்தால் இரண்டு தாங்கு பற்களும் ஒரே திசையில் நிற்காது, பிரிட்ஜ் இறங்காது. அப்படி வந்தால் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். "அண்ணே, பேஷன்ட் நாளைக்குத்தான் வருவார், எப்படியாவது பண்ணிடுங்க" என்று இளம் டாக்டர்கள் கெஞ்சுவதுண்டு. எப்படியாவது என்றால் வழி ஒன்றுதான்: உறையை உள்ளே தளர்த்த வேண்டும். தளர்ந்த இடத்தைச் சிமென்ட் நிரப்பும். சிமென்ட்டை எச்சில் கரைக்கும். அதனால் மறுபடியும் செதுக்கி அளவு எடுக்கச் சொல்வேன்.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் நடுவே வளர்ந்ததால் ஊதுவதும் பற்றவைப்பதும் ராவுவதும் கைக்குப் புதிதல்ல. அந்தக் கையை நம்பித்தான் மாமா என்னை ஒரு பல் லேபில் சேர்த்துவிட்டார். அங்கிருந்த மாஸ்டர் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் டென்டல் மெக்கானிக் படிப்பு முடித்தவர். 1948-ம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலேயே டென்டல் மெக்கானிக்குக்கு இடம் இருக்கிறது என்பதை எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவார். சட்டத்தில் பேர் இருக்கிறவன் வேலையைப் பொறுப்போடு செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

முதலில் அவர் கற்றுக்கொடுத்தது ஓரம். டாக்டர் செதுக்கியது எந்தக் கோட்டில் முடிகிறதோ, என் உறை அந்தக் கோட்டிலேயே முடிய வேண்டும். அதற்குத்தான் மார்ஜின் என்று பெயர். கோட்டுக்கு முன்பே நின்றுவிட்டால் செதுக்கிய பல் வெளியே தெரியும், அங்கே சொத்தை பிடிக்கும். கோட்டைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். மாடலிலிருந்து அந்தப் பல்லை மட்டும் மெல்லிய ரம்பத்தால் அறுத்து டை எடுத்து, கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் வரைந்து, லென்ஸ் வைத்து மெழுகைச் சேர்ப்போம். "கண்ணு பொய் சொல்லும்டா தம்பி, நகத்தால பாரு" என்பார் மாஸ்டர். நகத்தை மெழுகிலிருந்து டை பக்கமும் டையிலிருந்து மெழுகுப் பக்கமும் இழுத்தால் எந்தப் பக்கமும் தட்டக் கூடாது. தட்டினால் மெழுகை உருக்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கும் என்னிடம் சேருகிற பையன்களுக்கு முதல் சில மாதங்கள் இந்த ஒரு வேலைதான்.

மெழுகில் செய்த உருவத்தை மாவுக்கலவையில் புதைத்து, சூளையில் 850, 900 டிகிரி வரை ஏற்றினால் மெழுகு எரிந்து போய் வெற்றிடம் நிற்கும். உருகிய உலோகம் அதில் போய் நிறையும். சுவாமிமலை ஸ்தபதிகள் தெய்வத் திருமேனி வார்ப்பதும் இதே முறைதான். அமெரிக்காவில் வில்லியம் டாகர்ட் என்ற பல் மருத்துவர் 1907-ல் இதை எல்லோருக்கும் விளக்கிக் காட்டிய பிறகுதான் பல் வேலையில் வார்ப்பு பரவலானது. அதற்கு முன் தங்கத் தகட்டைத் தட்டி வளைத்துத்தான் உறை செய்தார்கள். இன்னும் பின்னால் போனால், இத்தாலியில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்கள் தங்கப் பட்டையை நல்ல பற்களைச் சுற்றி மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். அன்றைக்கும் பாரம் பக்கத்துப் பற்களின் மேல்தான் ஏறியது.

நாங்கள் வார்ப்பது பெரும்பாலும் நிக்கல் குரோமியம். 1,300 டிகிரிக்கு மேல் உருகுகிறது. ராவும்போது பறக்கிற உலோகத் தூசியும், அச்சு மாவில் இருக்கிற சிலிக்கா தூசியும் நுரையீரலுக்கு விஷம். சீக்கிரம் உருகி ஓடட்டும் என்று பெரிலியம் கலந்த உலோகங்களும் ஒரு காலத்தில் விற்றன, அவற்றின் தூசி இன்னும் மோசம். மாஸ்டர் முகத்தில் ஒரு துணியைக்கூடக் கட்டாமல் ராவியவர். கடைசிக் காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு இரைத்தது. என் லேபில் ஒவ்வொரு மேசைக்கும் தூசி உறிஞ்சும் குழாய் இருக்கிறது. முகக்கவசம் போடாத பையனை மோட்டாரில் கை வைக்க விடமாட்டேன்.

எத்தனை பல்லுக்கு எத்தனை பல் தாங்கும் என்ற கேள்வி வரும்போதுதான் டாக்டரும் நானும் நீண்ட நேரம் பேசுவோம். இரண்டு செங்கல் மேல் ஒரு பலகையைப் போட்டு நடுவில் மிதித்தால் கொஞ்சம் வளையும். செங்கற்களைத் தள்ளி வைத்து, பலகையின் நீளத்தை இரு மடங்காக்கினால் வளைவு இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. மூன்று மடங்காக்கினால் இருபத்தேழு மடங்கு. ஒரு பல் போன இடத்துக்கும் வரிசையாக மூன்று பல் போன இடத்துக்கும் இதே கணக்குதான். உலோகம் வளைந்து கொடுக்கும், அதன்மேல் இருக்கிற பீங்கான் கொடுக்காது, வெடிக்கும். பீங்கான் வெடிப்பது கண்ணுக்குத் தெரிகிற சேதம், அதை மறுபடி செய்துவிடலாம். தெரியாத சேதம் ஒன்று உண்டு. வளைந்து வளைந்து ஒரு முனையில் மட்டும் சிமென்ட் விட்டுப்போகும். மறுமுனை கெட்டியாகப் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் ஆடாது, வலிக்காது. விட்டுப்போன உறைக்குள் எச்சிலும் சாப்பாடும் புகுந்து பல் உள்ளேயே மக்கும். ஒருநாள் மொத்தமாகக் கழன்று கையோடு வரும்போது, உறைக்குள் பல்லின் முனை ஒடிந்து சிக்கியிருக்கும். கழன்ற பிரிட்ஜை அலுமினா தூளை வீசிச் சுத்தம் செய்யத் தருவார்கள். எந்தப் பக்கம் முதலில் விட்டது என்று உறையின் உள்கறுப்பைப் பார்த்தே சொல்லலாம்.

1926-ல் ஆன்டே என்பவர் ஒரு விதி சொன்னார்: தாங்குகிற பற்களுக்கு எலும்புக்குள் இருக்கும் வேரின் பரப்பு, போன பற்களின் வேர்ப்பரப்பைவிடக் குறையக் கூடாது. பிற்பாடு ஸ்வீடனில் நைமன், லிண்டே முதலியவர்கள், எலும்பு குறைந்த பற்கள்கூட நீண்ட பிரிட்ஜைத் தாங்கும், ஈறு நோயில்லாமல் சுத்தமாக இருந்தால் போதும் என்று பல வருடம் பேஷன்ட்களைத் தொடர்ந்து பார்த்துக் காட்டினார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்வீடனில் அவர்கள் பார்த்த பேஷன்ட்கள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்து சுத்தம் செய்துகொண்டவர்கள். நம் ஊரில் பல் கட்டிக்கொண்டவர் மறுபடி வருவது வலி எடுத்தால்தான். அதனால் நான் ஆன்டே பக்கம் நின்றே கணக்குப் போடுகிறேன்.

ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயி ஒருவருக்கு மேலே இடப்பக்கம் வரிசையாக மூன்று பல் இல்லை. முன்னால் கோரைப்பல், பின்னால் இரண்டாவது கடைவாய்ப்பல். ஐந்து பல் பிரிட்ஜ் என்று சீட்டு வந்தது. எக்ஸ்ரேயை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பின்பல்லின் எலும்பு பாதிக்கு இறங்கியிருந்தது. கோரைப்பல் வலுவானதுதான், ஆனால் அது வாயின் வளைவில் நிற்கிற பல். மெல்லுவதோ அதற்குப் பின்னால். டாக்டரிடம் சொன்னேன். அவரும் அதே சந்தேகத்தில்தான் இருந்திருக்கிறார். "அவரு கழட்டி மாட்டுறது வேண்டவே வேண்டாங்கறாரு. நீங்க மாடலோட வாங்க, உங்க கையால காட்டுங்க" என்றார்.

போனேன். மாடலில் மெழுகை நீளமாக வைத்து, நடுவில் விரலால் அழுத்திக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப அந்தக் கடேசிப் பல்லும் போயிருமுங்களா?" என்று கேட்டார். "ஒடனே போகாதுங்கய்யா. போகறப்ப சொல்லாம போகும்" என்றேன். உலோகச் சட்டத்தில் வார்த்துக் கொக்கி வைத்த பார்ஷியல் செட் செய்துகொண்டார். கழற்றிக் கழுவுகிற அந்தச் செட்டுக்கு, ஒட்டி வைக்கிற பிரிட்ஜின் மதிப்பு ஊரில் இல்லை. ஆனால் அது ஈறின் மேலும் அண்ணத்தின் மேலும் சாய்ந்து உட்காரும், மிச்சமிருக்கிற பல்லைச் செதுக்கச் சொல்லிக் கேட்காது. அவருக்கு அது சரியான வேலை. எனக்குக் கிடைக்கிற கூலி குறைவு என்பதற்காக அதைத் தட்டிக்கழிக்கிற லேப்காரர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

நிறம் இந்தத் தொழிலின் இன்பமான பகுதி. உலோகத்தின் மேல் பீங்கானை உருக்கி ஒட்டவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் வைன்ஸ்டைன் குழுவினர் 1962-ல் காப்புரிமை பெற்றார்கள். சூடாறும்போது உலோகம் பீங்கானைவிட ஒரு மயிரிழை அதிகமாகச் சுருங்கும்படி இரண்டையும் இணை சேர்த்ததுதான் அதில் நுட்பம். அந்தச் சுருக்கம் பீங்கானை இறுக்கிப் பிடிக்கும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. முதலில் உலோகத்தின் கறுப்பை மறைக்க ஒபேக் பூச்சு, அதன்மேல் டென்டின், நுனியில் கண்ணாடி போன்ற எனாமல் தூள். ஈரத் தூரிகையால் அள்ளி வைத்து, கருவியின் சொரசொரப்பான பிடியால் உரசி அதிரவைத்தால் தண்ணீர் மேலே வரும், டிஷ்யூவால் ஒற்றியெடுக்க வேண்டும். தண்ணீர் தங்கினால் சூட்டில் குமிழி விடும். வேகும்போது சுருங்கும் என்பதால் பல்லைப் பெரிதாகவே கட்டுவோம். 900 டிகிரியைத் தாண்டி வெற்றிடச் சூளையில் வெந்து வெளியே வரும்போது எத்தனை வருடம் பழகினாலும் முதல் பார்வையில் நெஞ்சு படபடக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வருகிற கேஸ்களுக்கு, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற ஷேட் கைடு போதாது. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் வளர்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளும் பழுப்புப் பட்டைகளும் விழுந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அதற்காக வந்ததுதான். அதற்கு முன் வளர்ந்தவர்களின் பல் மாறாது. பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து முன்பல் ஒன்றை இழந்திருந்தார், இரு பக்கத்துப் பற்களும் மூலை உடைந்திருந்தன. அந்த இரண்டுக்கும் எப்படியும் உறை வேண்டும் என்பதால் பிரிட்ஜ் நியாயமான முடிவு. நிறத்துக்கு என்னை நேரில் வரச் சொன்னார் டாக்டர்.

கிளினிக் டியூப் லைட்டில் நிறம் பார்க்கக் கூடாது, லைட் மாறினால் நிறமும் மாறும். வாசல் வராந்தாவுக்கு அழைத்து வந்தேன். பல்லைச் செதுக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும், ஏனென்றால் வாயைத் திறந்தபடி வேலை செய்யும்போது பல் உலர்ந்து வெளுத்துவிடும். பதினாறு ஷேட்களில் ஒன்றும் ஒத்துவரவில்லை. அவருக்கோ மூன்றும் வெள்ளைவெளேரென்று வந்தால் நல்லது என்று ஆசை. கூட வந்த அம்மா பக்கத்தில் நின்று, "வேண்டாங்கண்ணு, வெள்ளையா வெச்சா அது மட்டும் தனியாத் தெரியும். எம் புள்ள சிரிப்பு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வெச்சுக் குடு சாமி" என்றார். ஆசிரியை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா சொன்னபடியே செய்யச் சொன்னார். மறுபக்கத்துப் பற்களைக் காகிதத்தில் பெரிதாக வரைந்து, எந்த உயரத்தில் பட்டை, எங்கே திட்டு என்று குறித்துக்கொண்டேன். பழுப்பும் காவியும் வெள்ளையும் ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைத்து வேகவைத்தேன். மேற்பூச்சாக மட்டும் வைத்தால் வருடங்களில் தேய்ந்து போகும். பொருத்திய அன்று அவர் வராந்தாவில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். லேப்காரனுக்கு அது அபூர்வமாகக் கிடைப்பது.

நிறம் சரியாக இருந்தால் யாரும் பிரிட்ஜைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் திருப்பித்தான் முதலில் பார்ப்பேன். நடுப்பல்லின் அடிப்பக்கம் ஈறைத் தொடுகிற விதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஈறின் மேட்டை இருபக்கமும் கவிந்து அணைத்தபடி செய்தால் பார்க்க நிஜப்பல் போலவே இருக்கும், நாக்குக்கும் இடைஞ்சல் இருக்காது. ஆனால் அந்தக் குழிவுக்குள் எந்த நூலும் போகாது. சில மாதத்தில் அடியில் ஈறு சிவந்து நாற்றம் எடுக்கும். முன்பக்கம் கன்னத்தோரமாக மட்டும் லேசாகத் தொட்டு, அடி முழுவதும் வெளிக்குவிந்து வழவழப்பாக இருக்க வேண்டும். கீழ்க்கடைவாயில், சிரித்தால் தெரியாத இடத்தில், ஈறைத் தொடாமல் இடைவெளி விட்டே செய்யலாம். "சாப்பாடு உள்ள போகுதுன்னு திட்டுறாங்கண்ணே, மூடிக் குடுங்க" என்று டாக்டர்கள் கேட்பார்கள். உள்ளே போவது கொப்பளித்தால் வெளியே வரும். மூடிய இடத்தில் போனது வராது. இந்த வாதத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பக்கத்துப் பற்கள் இரண்டும் ஒரு கீறல் இல்லாமல் நன்றாக இருந்து, நடுவில் ஒன்று மட்டும் போயிருந்தால் அவற்றைச் செதுக்குவது எனக்கு வலிக்கிறது. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் இடம் வேண்டுமென்றால் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டராவது போக வேண்டும். எனாமல் திரும்ப வளராது. இளவயதினருக்கு முன்பல் ஒன்று போனால், பக்கத்துப் பல்லின் பின்புறம் மெல்லிய உலோக இறக்கையை ஒட்டித் தாங்கவைக்கும் வழி இருக்கிறது. பிரான்சில் ரோஷெட் 1973-ல் துளையிட்ட இறக்கையோடு அதை ஆரம்பித்தார், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உலோகத்தை அமிலத்தால் அரித்து இன்னும் உறுதியாக்கினார்கள். அதனால் மேரிலாந்து பிரிட்ஜ் என்றே பெயர். சில சமயம் கழன்று விழும்தான். கழன்றால் திரும்ப ஒட்டலாம், பல் முழுசாக இருக்கும். இதைவிடக் கனிவான பிரிட்ஜை நான் செய்ததில்லை.

வசதியும் எலும்பும் இருந்தால் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஸ்வீடனில் பிரேனமார்க் 1965-ல் முதல் ஆளுக்கு டைட்டானியம் திருகைத் தாடையில் வைத்தார். பக்கத்துப் பல்லைத் தொடாமல் நிற்கும் பல் அது. எங்களுக்கும் பழைய வேலை மாறிவருகிறது. இப்போது சில கேஸ்களுக்கு அச்சுக்குப் பதில் ஸ்கேன் ஃபைல் வருகிறது, கம்ப்யூட்டரில் வடித்து, சுண்ணாம்புக்கட்டி போன்ற ஜிர்கோனியா வட்டிலிருந்து மெஷின் கடைகிறது. சூளையில் 1,500 டிகிரி அளவில் சுருங்கும் என்பதால் அதையும் பெரிதாகக் கடைய வேண்டியிருக்கிறது. நிக்கல் தூசி இல்லை, ஈறோரம் கறுப்புக் கோடு தெரிவதில்லை. ஆனால் மூன்று பற்களும் சேருகிற இணைப்பு இடம் மெலிந்தால் ஜிர்கோனியா வளையாமல் நேராக உடைந்துவிடும். திரையில் பையன்கள் அழகுக்காக அந்த இடத்தை ஒடுக்கும்போது நான் பின்னால் நின்று தடிமனாக்கச் சொல்கிறேன்.

பிரிட்ஜோடு இப்போது பெட்டிக்குள் ஒரு சீட்டும், நுனி விறைத்த ஒரு நூலும் வைத்து அனுப்புகிறேன். நூலின் விறைத்த நுனியைக் கன்னப் பக்கத்திலிருந்து நடுப்பல்லுக்கு அடியில் நுழைத்து, நாக்குப் பக்கமாக இழுத்து, பஞ்சு போன்ற பகுதியால் அடியையும் இரு பக்கத்துப் பல்லோரத்தையும் தேய்க்க வேண்டும், ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை. தமிழில் படம் போட்டு அச்சடித்திருக்கிறேன். சில டாக்டர்கள் பேஷன்ட்டின் கையிலேயே நூலைக் கொடுத்து, கண்ணாடி முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களிடமிருந்து கழன்ற பிரிட்ஜ் என்னிடம் திரும்பி வருவது குறைவு.